தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகள்

ஜூன் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கிளியும் மீனும் விற்கும் கடைக்காரம்மா இதை உங்களிடம் கொடுப்பார். ஃபோனில் பேசியிருக்கலாம்தான். உங்கள் மகன் உங்கள் ஃபோனை எடுத்துப் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியாததில்லை. பதில் எழுதினால் அந்த அம்மாவிடமே கொடுத்துவிடுங்கள்.

பல் செட் செய்யும் இடத்தில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அறையில் இருக்கிறேன். ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கும் அறை. என்னைச் சேர்த்துக்கொண்டதே பெரிய விஷயம், என் கும்பிடுபூச்சிகளையும் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியாது. அதனால் வேறு வழியில்லாமல் உங்களிடம் கேட்கிறேன். வேறு இடம் கிடைக்கும்வரை அங்கே விட்டு வந்த மூன்று பெட்டிகளையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பொடிசுக்குப் பழ ஈ மட்டும். வாழைப்பழம் மசித்த பாட்டிலில் அவை தானாகப் பெருகும், பஞ்சு அடைப்பை மட்டும் கழற்றி வைத்துவிடாதீர்கள். நடுவில் இருப்பதற்குச் சாதாரண ஈ. கடையில் கூட்டுப்புழுவாகக் கொடுப்பார்கள், ஃபிரிட்ஜில் வைத்து வேண்டியதை மட்டும் வெளியே எடுத்தால் இரண்டு நாளில் ஈயாகிவிடும். பெரியவளுக்குச் சுவர்க்கோழி. அவள் உடம்பில் பாதிக்கு மேல் பெரிதாக இருக்கக் கூடாது. சுவர்க்கோழிகளை முட்டை அட்டை போட்ட டப்பாவில் வையுங்கள், தவிடும் கேரட்டும் போதும். தண்ணீர்க் கிண்ணம் வைத்தால் விழுந்து செத்துப்போகும். வெளியே எங்கும் பிடித்துப் போடாதீர்கள், எவர் என்ன மருந்து அடித்திருப்பார்களோ தெரியாது.

இன்னொன்று. பெரியவள் தின்னாமல் விட்ட சுவர்க்கோழியை உள்ளேயே விடக் கூடாது. அவள் தலைகீழாகத் தொங்கித் தோலுரிக்கும்போது உடம்பு மெத்தென்று இருக்கும். அப்போது பக்கத்தில் இருப்பது அவளையே கடித்துத் தின்றுவிடும்.

இடது மணிக்கட்டில் கட்டு இன்னும் பிரிக்கவில்லை. அன்று நடந்ததைப் பற்றி நான் உங்களுக்கு எழுத வேண்டியதில்லை, நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள்.

மாத்திரையை மறக்காமல் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 14

அன்புள்ள மருமகளுக்கு,

ஆசிகள். கடைக்காரம்மா உன் கடிதத்தை ஏதோ கடத்தல் பொருள் போல மீன் தீனிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன், யார் யாரையோ மேலே ஏற்றிக் கீழே இறக்கியவன், இந்த வயதில் ஈக்குப் பிரசவம் பார்க்கிறேன். நல்லா இருக்கிறதா இந்தக் கூத்து?

மூன்று பேரும் என் அறையில் சுகம். பொடிசு ஒரு நாளைக்கு எத்தனை பழ ஈ தின்கிறது என்று எண்ணப் பார்த்தேன், என் கண்தான் பூத்தது. கூட்டுப்புழு டப்பாவை ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். உன் வீட்டுக்காரன் கருப்பு மிளகு என்று நினைத்துக் கையில் கொட்டிப் பார்த்துவிட்டான். அதற்கப்புறம் கேட்ட வார்த்தைகளை எழுத முடியாது. "அது என்னோட மருந்து"ன்னு சொல்லிச் சமாளித்தேன். நம்பவில்லை, ஆனால் தூக்கிப் போடவும் இல்லை.

சுவர்க்கோழி ஒன்று தப்பித்து ஃபிரிட்ஜுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்துகிறது. பெரியவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கையைக் கூப்பிக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் நிற்கிறாள், நான்கூட பக்தி என்று நினைத்தேன். சுவர்க்கோழி கிட்டே வந்ததும்தான் கும்பிடு யாருக்கு என்று தெரிந்தது. தலையிலிருந்து ஆரம்பித்து, மென்று, கையை நக்கிச் சுத்தம் செய்துகொண்டு மறுபடி கும்பிட்டாள். உன் அத்தை இருந்திருந்தால் வீட்டை விட்டே ஓடியிருப்பாள்.

கை வலி எப்படி இருக்கிறது? கனமாக எதையும் தூக்காதே. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மாமா


ஜூன் 18

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் படித்துத் தனியாகச் சிரித்தேன், தோழி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பெரியவளின் முதுகில் இறக்கை மொட்டு உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். உப்பியிருந்தால் அடுத்த தோலுரிப்புதான் கடைசி, அதோடு அவளுக்கு இறக்கை வந்துவிடும். அதைப் பார்க்க நான் இல்லையே என்றிருக்கிறது.

இப்போது வேறு விஷயம். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய மாமா வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசப் போகிறார்கள். உங்கள் மகன் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறார். என் அம்மாவும் அதையே நம்புகிறாள். நேற்று ஃபோனில், "வழுக்கி விழுந்ததுக்கெல்லாம் புருஷன் வீட்டை விட்டுட்டு வருவாங்களா? நாலு பேர் என்னைத்தான் கேப்பாங்க" என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் காதில் ஏறவில்லை. கடைசியில், "உன் மாமனார் வாயால சொல்லட்டும், நான் நம்புறேன். அவர் பொய் சொல்ற மனுஷன் இல்லை" என்று வைத்துவிட்டாள்.

மாமா, அவர் பெட்டிகளைக் குப்பையில் போட எடுத்தார். நான் பெட்டியை விடவில்லை. என் மணிக்கட்டைப் பின்னால் மடக்கினார், மடக்கிக்கொண்டே இருந்தார். நீங்கள் சோபாவில் இருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். பிறகு ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினீர்கள்.

அதற்காக நான் இப்போது உங்களைக் கேள்வி கேட்கவில்லை. உங்கள் மகனைத் திட்ட வேண்டாம், எனக்காகப் பரிந்து பேசவும் வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் என் வீட்டில் என்னைத் திரும்பிப் போ என்று சொல்ல மாட்டார்கள். எனக்கு அது போதும்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 24

அன்புள்ள மருமகளுக்கு,

நேற்று என் அண்ணன் எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டபோது நான் சொன்னதை நீயும் கேட்டாய். "நான் டிவி பார்த்துக்கிட்டிருந்தேன், சத்தத்துல ஒண்ணும் கவனிக்கலை." நீ என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. நான் தரையில் பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அம்மா உன் தோளைத் தொட்டு, "பார்த்தியா?" என்றதும் கேட்டது.

சொல்லத்தான் வந்தேன். சட்டை போடும்போதுகூட வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவன் எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். நான் இருப்பது அவன் வீடு, படுப்பது அவன் போட்ட கட்டில். அதற்கு மேல், அவன் என் பிள்ளை, அவனை அவ்வளவு பேர் நடுவில் எப்படி என்று ஒரு நினைப்பு. இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரிகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பெரியவளுக்கு இறக்கை மொட்டு நன்றாக உப்பியிருக்கிறது. நடுவில் உள்ளது நேற்று மூன்று ஈ தின்றது. பழ ஈ பாட்டில் புளித்த வாடை அடித்தது, புதிது போட்டேன். உனக்கு என்ன எழுதினாலும் அது பூச்சியிலேயே போய் நிற்கிறது. பூச்சியைப் பற்றி எழுத எனக்குக் கூச்சமில்லை, அதனால் இருக்கும்.

கோபம் இருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது எழுது.

மாமா


ஜூன் 27

மாமாவுக்கு,

திட்டுவதற்கு எதுவும் இல்லை.

பெரியவள் இனிமேல் தின்ன மாட்டாள். தோலுரிக்கும்வரை அப்படித்தான் இருப்பாள், பட்டினியால் சாக மாட்டாள். பெட்டிக்குள் இருக்கும் சுவர்க்கோழிகளை உடனே எடுத்துவிடுங்கள். தொங்க ஆரம்பித்துவிட்டால் பெட்டியை அசைக்க வேண்டாம்.

வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். அதுவரை வேறு செய்தி இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

(கையெழுத்து)


ஜூலை 6

அம்மாடி,

பெரியவள் போய்விட்டாள்.

நீ எழுதியிருந்தாய். படித்தேன், கையில் இடுக்கியையும் எடுத்தேன். பெட்டியைத் திறந்தபோது அவள் மூடிக்கு அடியில் கட்டிய வலையைப் பிடித்துக்கொண்டு வாடிப்போய் நின்றாள். நாலு நாளாக ஒன்றும் தின்னவில்லையே, இன்று ஒருவேளை தின்றால் என்று தோன்றியது. உனக்குச் செய்த துரோகம் போதும், உன் பூச்சியையும் பட்டினி போட்டேன் என்ற பேர் எதற்கு என்று நினைத்தேன். இரண்டு சுவர்க்கோழிகளை உள்ளேயே விட்டுவிட்டேன். நல்லது செய்கிறேன் என்ற நினைப்பு எனக்கு.

புதன்கிழமை மதியம் பேப்பர் படித்துக்கொண்டே பெட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். பாதி உடம்பு பழைய தோலுக்கு வெளியே வந்துவிட்டது, இளம்பச்சையாக, ஈரமாக. ஒரு சுவர்க்கோழி அவள் வயிற்றில் வாயை வைத்திருந்தது. அவளால் காலை உதறக்கூட முடியவில்லை. நான் எழுந்து போய் மூடியில் கையை வைத்தேன். திறந்தால் வலை ஆடும், அவள் கீழே விழுந்துவிடுவாள். திறக்காவிட்டால் இது தின்றுவிடும். இப்படியே யோசித்துக்கொண்டு, கையை மூடியில் வைத்தபடி, நின்றேன் அம்மாடி. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் திறந்தபோது பிரயோஜனமில்லை.

எனக்கு அவமானமாக இருக்கிறது. பூச்சிக்காக மட்டும் இல்லை என்பது உனக்குத் தெரியும். அன்று சோபாவில் எனக்கு ஒரு கை தூரத்தில்தான் நீ இருந்தாய். பயந்து ரிமோட்டை எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பயமும் இல்லை ஒன்றும் இல்லை. சத்தம் எனக்கு இடைஞ்சலாக இருந்தது. உன் சத்தம்.

புதன்கிழமை சாயங்காலமே உன் அம்மா வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொண்டுவந்தார். நான் உட்காரவில்லை.

"சம்பந்தியம்மா, உங்க பொண்ணு விழலை. என் பையன்தான் கையை மடக்கி உடைச்சான். நான் பார்த்தேன். பார்த்துட்டு டிவியைச் சத்தமா வச்சேன்."

அவர் மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தார். பிறகு, "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என் பொண்ணை அந்தப் பேச்சு பேசியிருக்க மாட்டேனே" என்றார். நான் குடிக்காத தண்ணீரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்திக்கொண்டு நானாகவே வெளியே வந்தேன்.

அண்ணனிடமும் போய்ச் சொன்னேன். "முடிஞ்சு போனதை இப்ப எதுக்குக் கிளறுறே?" என்றார். மகனிடமும் முகத்துக்கு நேராகச் சொன்னேன், இன்னாரிடமெல்லாம் சொல்லிவிட்டேன் என்று. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சாப்பிட்டு முடித்து, கை கழுவிக்கொண்டு வந்து, "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா, எதையோ பார்த்து எதையோ சொல்றீங்க" என்றான். அதன் பிறகு என்னோடு பேச்சு இல்லை.

பொடிசும் நடுவில் உள்ளதும் நன்றாக இருக்கின்றன. மீதி வைத்ததை எல்லாம் அப்பப்போ எடுத்துவிடுகிறேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்கும் தைரியம் இல்லை.

மாமா


ஜூலை 11

மாமாவுக்கு,

அம்மா நேற்று வந்தாள். முன்னறிவிப்பு இல்லாமல் வந்து, படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என் தலையைப் பார்த்துவிட்டு, "எத்தனை நாளா சரியா தலை குளிக்கலை நீ?" என்றாள். ஒரு கையால் முடியாது என்றேன். அவளே குளியலறைக்குக் கூட்டிப் போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. போகும்போது மட்டும், "வீட்டுக்கு வா, என் ரூம்ல படுத்துக்கலாம்" என்றாள். போகிறேன்.

அம்மாவை வரவைத்தது நீங்கள்தான் என்று தெரியும். தெரிந்தும், மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், வரவில்லை. இரண்டாவது காகிதத்திலும் வரவில்லை. விட்டுவிட்டேன்.

பெரியவளுக்காக அழுதேன். நீங்கள் மூடியில் கை வைத்து நின்றதைப் படித்துவிட்டு அதைவிட அதிகமாக அழுதேன், ஏன் என்று தெரியவில்லை.

அம்மா வீட்டில் பூச்சி வைத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறாள், சமையலறைப் பக்கம் வரக் கூடாது என்ற நிபந்தனையோடு. சனிக்கிழமை காலையில் என் அண்ணன் வந்து இரண்டு பெட்டிகளையும் எடுத்துக்கொள்வான். பழ ஈ பாட்டிலையும் சுவர்க்கோழி டப்பாவையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் மகன் அண்ணனுக்கு ஃபோன் செய்து, அப்பாவுக்கு ஞாபகம் குழம்பிப்போச்சு, டாக்டரிடம் காட்டப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அண்ணன் பாதி நம்பிவிட்டான். வரும்போது உங்களிடம் கேட்பான், உங்கள் மகனும் அன்று வீட்டில்தான் இருப்பார்.

நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள்.

(கையெழுத்து)