கடைமடை வீட்டு மின்சாரம்

நாள் 203. 09:40
வெளியே −118. வீட்டுக்குள் 16. மின்கலம் 31 விழுக்காடு.

எழுதுபவள் பவளக்கொடி, வெப்பப் பொறியாளர். செவ்வாயின் தென்துருவக் குடியிருப்பு, ஆறாம் வீடு. இதைக் கண்டெடுப்பவர் யாரோ, அவருக்காக ஒருதடவை விளக்கிவிடுகிறேன். இங்கே மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே மின்தடம், அதில் ஆறு வீடுகள். மின்சாரம் தரும் அணு உலை இருப்பது முதல் வீட்டை ஒட்டி. குளிர்காலத்தில் அது ஒரு நேரத்தில் ஒரு வீட்டைத்தான் தாங்கும். நாங்கள் எல்லோரும் தஞ்சைப் பக்கத்து ஆட்கள். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல மின்சாரத்துக்கும் வைத்துக்கொண்டோம், வீட்டுக்கு நாலு மணி நேரம். முதல் வீடு தலைமடை, நாங்கள் கடைமடை. திறந்துவிடுபவர் முதல் வீட்டு உலகநாதன் அண்ணன்.

முறைக்கு முன்னால் அந்த வீட்டுக்கு மட்டும் கேட்கும் தடத் தொலைபேசியில் கூப்பிடுவார். பத்து நிமிடத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 'காலி வீடு' என்று பதிவேட்டில் எழுதுவார், அந்த மின்சாரம் தலைமடைக்கே போய்விடும். ஆளில்லாத வீட்டைச் சூடாக்குவானேன் என்பது நியாயந்தான்.

ஐந்தாம் வீட்டில் குழாய்ப் பழுது. பார்த்துவிட்டு மதியத்துக்குள் திரும்பிவிடுவேன். என் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்குக் காய்ச்சல், படுத்திருக்கிறார்.

நாள் 204. 13:20
புழுதிப் புயல். ஐந்தாம் வீட்டில் ஜமீலாவோடு ஒரு முழு நாள் மாட்டிக்கொண்டேன். இப்போதுதான் திரும்பினேன்.

வீட்டுக்குள் −38. மின்கலம் பூஜ்யம். கலியமூர்த்தி தொலைபேசிக்குக் கீழே தரையில் கிடக்கிறார். இறந்து வெகுநேரம் ஆகிவிட்டது. பதிவேட்டைத் திரையில் பார்த்தேன். நேற்று 12:00, ஆறாம் வீடு, பதில் இல்லை, காலி.



நாள் 209. 10:05
வீட்டுக்குள் 12. உலகநாதன் அண்ணன் பேசினார். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதானம்மா பவளம். அவரு பதிலே சொல்லலியே, நான் என்ன பண்ணட்டும்?"

நானும் சரி என்றேன். சட்டம் போட்டபோது கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி.

பின்கட்டில் முதல் குழு விட்டுப்போன பழைய மின்னாக்கி ஒன்று துருப்பிடித்துக் கிடக்கிறது. அதைப் பிரித்துப் போட்டிருக்கிறேன். இனி ஒருவரிடமும் முறை கேட்டு நிற்கப்போவதில்லை.

நாள் 221. 15:30
மின்னாக்கிக்கு ஒரு நினைவுச் சில்லு தேவைப்பட்டது. தொலைபேசியின் ஒலிப்பதிவுப் பெட்டியிலிருந்து கழற்றலாம் என்று திறந்தேன். அழிப்பதற்கு முன் கேட்டுப் பார்த்தேன். கேட்காமல் அழித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

நாள் 203, 12:07. கலியமூர்த்தியின் குரல், மூச்சு வாங்க: "ஆறாம் வீடுண்ணே. இருக்கேன். காச்சலா இருக்கு, எந்திரிச்சு வர நேரமாயிடுச்சு. இருக்கேன்."

12:08. உலகநாதனின் குரல்: "சரி மூர்த்தி, படுத்துக்க. கரண்ட் வந்துடும்."

பதினெட்டு முறை போட்டுக் கேட்டேன்.

முதல் வீட்டில் கண்ணாடிக் கூண்டுக்குள் நாற்பது வாழைக்கன்று வைத்திருக்கிறார். பொங்கலுக்கு இலை அறுப்பதாக எல்லோரிடமும் பெருமை பேசியிருந்தார். அன்று புயலில் கூண்டின் சூடு இறங்கியிருக்கும். பாவி, வாழைக்கன்றுக்காக என் புருஷனைக் கொன்றிருக்கிறான். இனி அவனுக்கு அண்ணன் என்ற மரியாதை வாயில் மட்டுந்தான்.

ஊரைக் கூட்டி இதைப் போட்டுக் காட்டலாம். காட்டினால் அழுவான், காலில் விழுவான். ஆறு வீட்டுச் சனமும் சேர்ந்து என்னை மன்னிக்கச் சொல்லும். எனக்கு அது வேண்டாம்.

நாள் 226. 18:10
உலையின் குளிர்விப்புக் குழாய் வெடித்துவிட்டது. அளவுக்கு மீறி ஓட்டியதுதான் காரணம். எதற்காக ஓட்டினான் என்று எனக்குத் தெரியும். குடியிருப்பு முழுக்க மின்சாரம் இல்லை.

என் மின்னாக்கி மட்டும் ஓடுகிறது. இரண்டாம் வீட்டிலிருந்து ஐந்தாம் வீடுவரை ஒன்பது பேரும் மறுபடி புயல் வலுப்பதற்குள் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உலகநாதனால் வர முடியாது. அவன் உடுப்பின் சூடேற்றி பழுது, மூன்று கிலோமீட்டர் நடந்தால் பாதியிலேயே விறைத்துவிடுவான். இந்தப் புயலில் போய்க் கூட்டிவரவும் ஆளில்லை.

தடத்தில் மின்சாரத்தை எதிர்த்திசையில் அனுப்பலாம். தினம் நாலு மணி நேரம் அவனுக்குக் கொடுத்தால் எங்கள் வீடு 4 டிகிரிக்கு இறங்கும். பரவாயில்லை, கொடுப்போம் என்றார்கள் ஒன்பது பேரும். ஆனால் ஆள் போய்ச் சேர்ந்த வீட்டுக்கு அனுப்பி நாம் ஏன் விறைக்க வேண்டும் என்று ஐந்தாம் வீட்டு ஜமீலா கேட்டாள். ஆகவே பழைய சட்டமே இருக்கட்டும் என்று முடிவானது. அழைப்பது நான். பதிவேடு எழுதுவது ஜமீலா. தொலைபேசி பின்கட்டில் மின்னாக்கிக்குப் பக்கத்தில், அந்த இரைச்சலில் முன்னறைக்கு ஒன்றும் கேட்காது.

நாள் 229. 12:20
மூன்று நாளாக அனுப்புகிறேன். வேண்டுமென்றே கால்மணி நேரம் தாமதித்து அழைக்கிறேன். முதல் மணியிலேயே எடுக்கிறான். இன்று சொன்னது: "இருக்கேன் தாயி, இருக்கேன். நீ கூப்புடாம இருந்துடுவியோன்னு உசுரே போயிடுச்சு."

அந்தப் பயத்தைக் கேட்கத்தான் இத்தனை நாள் கொடுத்தேன். கேட்க நன்றாக இருக்கிறது. வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

நாள் 231. 11:50
வெளியே −124. காற்று அடங்குகிறது. மீட்பு வண்டி நாளை மதியம் வந்துவிடும் என்று செய்தி வந்தது. முன்னறையில் எல்லோரும் கட்டிக்கொண்டார்கள்.

அவன் மின்கலத்தில் மூன்று விழுக்காடுதான். இன்றைக்குக் கிடைத்தால் பிழைத்துக்கொள்வான்.

நாள் 231. 12:25
அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தான். "இருக்கேன் பவளம்."

நான் சொன்னது: "சரிண்ணே, படுத்துக்குங்க. கரண்ட் வந்துடும்."

குரல் உடைந்துபோய்க் கேட்டான். "ஆத்தா, அது உனக்கு எப்புடித் தெரியும்?"

வைத்துவிட்டேன். பத்து நிமிடம் மின்னாக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து, முன்னறைக்குப் போய்ப் பதில் இல்லை என்றேன். ஜமீலா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினாள். நாள் 231, 12:15, முதல் வீடு, காலி.

நாள் 231. 13:05
வீட்டுக்குள் 21. மின்னாக்கி சீராக ஓடுகிறது. தடம் நல்ல நிலையில் இருக்கிறது, விசை என் கைக்கு எட்டும் தூரத்தில்.

பதிவேட்டில் இருப்பது பொய். கண்டெடுப்பவருக்கு அது தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதிவைக்கிறேன்.

தொலைபேசி விடாமல் அடிக்கிறது. முன்னறையில் யாராவது எழுந்து வந்துவிடக் கூடாதென்று கலியமூர்த்தியின் ஸ்வெட்டரை அதன்மேல் சுற்றிக் கட்டியிருக்கிறேன்.

13:40
இன்னும் அடிக்கிறது.

14:10
நின்றுவிட்டது. ஸ்வெட்டரை அவிழ்த்துப் போட்டுக்கொண்டேன்.