ஆரோக்கியம் பாடிய லத்தீன்

12-6-62, செவ்வாய்

வெயில். மேகம் வந்து ஆசை காட்டிவிட்டுப் போனது. பரீட்சைக்கு நான்கு நாள்.

மின் இலாகா சூப்பர்வைசர் வேலை. இடம் ஒன்று. இந்தப் புதுக்கோட்டை மாடி அறையிலிருந்தே இரண்டு பேர் எழுதுகிறோம்: நான், ஆரோக்கியம். பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். மோட்டார், டிரான்ஸ்பார்மர் எல்லாம் இருவருக்கும் சமம். பிரிக்கப்போவது இங்கிலீஷ் பேப்பர். அதில் பாதி, கொடுத்த வார்த்தைக்கு அதே பொருள் உள்ள இன்னொரு வார்த்தையைக் குறிப்பது.

கிடைக்காவிட்டால் எனக்கு அரிமளம். மாமாவின் ரைஸ்மில்லில் பெல்ட் மாட்டும் வேலை. அவனுக்கு ஆவூரில் அம்மா, இரண்டு தங்கைகள். அப்பா போன வருஷம் தவறிவிட்டார்.

அவன் முறை: பட்டியலைப் பிடித்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்து மனப்பாடம். காது வலிக்கிறது. என் முறை: வார்த்தையைக் கழற்றுவது. தலை, நடு, வால். நடுவில் இருப்பது வேர். வேர் ஒன்றானால் பொருளும் அநேகமாக ஒன்று.

"எத்தனைடா கழட்டுனே? நான் நூறு முழுங்கிட்டேன்."

"முழுங்குனது தங்கணும்ல."

எனக்கும் வேர் தங்கவில்லை. அத்தனையும் லத்தீன். அவனிடம் சொல்லவில்லை.

13-6, புதன்

வாங்க வேண்டியது: நீல மசி, சோப்பு, பிளேடு.

காலையில் குழாயடியில் ஆரோக்கியம் சட்டை துவைத்தபடி ஏதோ பாடினான். நடுவில் 'பாக்ஸ்'. நேற்று அகராதியில் பார்த்த லத்தீன் வேர்; பொருள் சமாதானம். கீழே ஓடினேன்.

"என்னடா பாட்டு அது?"

"மாதா கோயில் பூசைப் பாட்டு. லத்தீன். சின்ன வயசுல பீடத்துக்கிட்ட நின்னு பாடுனது."

"அர்த்தம்?"

"சாமியாருக்குத் தெரியும். நமக்கு ராகம் மட்டுந்தான்."

முழுப் பூசையையும் சொல்லச் சொன்னேன்.

"எங்க வேதத்துல சேரப் போறியா சுப்பு? ஒங்க ஆத்தா வெளக்குமாத்தத் தூக்கிக்கிட்டு வந்துரும்."

சிரித்துக்கொண்டே சொன்னான். அகராதியோடு ஒப்பிட்டேன். நாற்பது வேர். மாலோ: தீமை. மலீஷியஸ், மலவலண்ட் இரண்டும் அதில் மாட்டின. பெனே: நன்மை. ஓம்னி: எல்லாம். ராகத்தோடு வந்ததால் ஒன்றுகூட மறக்கவில்லை.

எதற்கு என்று கேட்டான். சும்மா என்றேன். வேர் எழுதிய தாள் என் பெட்டிக்குள். பூட்டியாயிற்று.

15-6, வெள்ளி

புழுக்கம். ஓட்டல் இட்லி கல். பூசைப் பாட்டு தீர்ந்துவிட்டது.

"வேற இருக்கா?"

"சாவுப் பாட்டு ஒண்ணு இருக்கு. அப்பாவுக்குப் பாடுனோம்."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாடினான். பாதியில் குரல் கம்மிவிட்டது. நான் பென்சிலைச் சீவிக்கொண்டு காத்திருந்தேன். மறுபடி பாடினான்.

முதலில் எத்தேர்னாம். சற்றுத் தள்ளிப் பெர்பேத்துவா. இட்டர்னல், பெர்பெச்சுவல். இரண்டுக்கும் பொருள், என்றும் உள்ளது.

சாயங்காலம் பட்டியலிலிருந்து பத்து கேட்டேன். ஏழு தவறு. அதில் பெர்பெச்சுவலும் ஒன்று.

"மண்டைல நிக்க மாட்டேங்குது மாப்ளே. பெரியவளுக்குத் தை மாசம் பேசி வச்சிருக்கு. இது கெடைக்கலைன்னா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்க மாட்டாங்க."

ஒரு வரி போதும். நீ பாடுவதில்தான் எல்லாம் இருக்கிறது என்று. வாய் வரை வந்தது.

இடம் ஒன்று.

16-6, சனி

பரீட்சை முடிந்தது. கணக்கு சுலபம். இங்கிலீஷில் முக்கால்வாசி வேரிலேயே விழுந்தது. பதினேழாவது கேள்வி: பெர்பெச்சுவல். நான்கு விடைகளில் மூன்றாவது இட்டர்னல். யோசிக்காமல் குறித்தேன்.

எனக்கு முன் பெஞ்ச் ஆரோக்கியம். பேனா நின்றிருந்தது. பிடரியைச் சொறிந்துகொண்டே இருந்தான். அதற்கப்புறம் நான் நிமிரவில்லை.

ஊருக்குப் போகிறேன் என்றான். பஸ் ஸ்டாண்டு வரை கூடப் போனேன். அவன் பையும் என் கையில்.

"அந்தப் பெர்பெச்சுவலுக்கு என்னடா போட்டே? நான் விட்டுட்டேன்."

"இட்டர்னல்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"மனப்பாடம்."

"நீயா?" சிரித்தான்.

ஆவூர் பஸ் வரவில்லை. சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். சும்மா இருக்க முடியாமல் அந்தச் சாவுப் பாட்டை முணுமுணுத்தான். எத்தேர்னாம் தாண்டியது. பெர்பேத்துவாவில் நின்றான். முதலிலிருந்து ஆரம்பித்தான். இந்த முறை மெதுவாக. அதே இடத்தில் நின்றான்.

திரும்பி என்னைப் பார்த்தான்.

பஸ் வந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.