நாற்பது விற்று முப்பத்தொன்பது

ஜூன் 3
பயணப் பெட்டிக் கடை திறந்து மூன்றாவது மாதம். நாற்பது பெட்டிகளும் வைத்த இடத்தில் அப்படியே நிற்கின்றன. நாத்தனார் அலுவலகத்தில் எடுத்திருக்கும் சம்பளமில்லா விடுப்பு இந்த மாதத்தோடு முடிகிறது. கடை தேறினால் வேலையை விட்டுவிட்டு என்னோடு இருப்பாள். இல்லையென்றால் போய்விடுவாள். தனியாக என்னால் சமாளிக்க முடியாது. கடையை மூட வேண்டியதுதான்.

ஜூன் 8
ஒரு யோசனை! பெட்டி ஒன்றின் கொள்முதல் ஆயிரம். முப்பது சதவீதம் ஏற்றி ஆயிரத்து முந்நூறு என்று ஒட்டியிருக்கிறோம். இருபத்தைந்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் ஐந்து மிஞ்சுமே?

"இது உங்க மூளையா அண்ணி, இல்ல யார்கிட்டயாவது கடன் வாங்கினதா?" என்றாள் நாத்தனார். பாராட்டுகிறாளாம்.

ஜூன் 10
போர்டு மாட்டினோம். கூட்டம்! சாப்பிட நேரமில்லை.

ஜூன் 15
நாற்பதும் போய்விட்டது. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன, கடையக் காலி பண்ணிட்டீங்களா?" என்றார். அவர் வாயில் நல்ல வார்த்தையே வராது.

ஜூன் 17
விற்ற பணம் முழுவதையும் எடுத்துக்கொண்டு மொத்த வியாபாரியிடம் மறுபடி நாற்பது பெட்டி வாங்கப் போனோம். முப்பத்தொன்பதுக்குத்தான் பணம் இருந்தது. விலை அதே ஆயிரம்தான். ஒரு பெட்டிக் காசு எங்கே?

திரும்பும் வழியில் வாய் தவறிக் கேட்டுவிட்டேன்: "கல்லாவுல இருந்து ஏதாச்சும் எடுத்தியா?"

"எடுக்கறவ ஒரே ஒரு பெட்டிக் காசா எடுப்பேன்? அவ்வளவு அல்பமாவா தெரியறேன்?"

எனக்கு ஏன் இந்த வாய்?

ஜூன் 18
பில்களைக் கூட்டினோம். ஒரு காசு குறையவில்லை. பில் ஒவ்வொன்றிலும் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து.

"அண்ணி, முப்பது எதுமேல ஏத்தினீங்க?"

"ஆயிரத்து மேல."

"இருபத்தஞ்சு எதுல கொறச்சீங்க?"

ஆயிரத்து முந்நூறில். ஐயோ. ஏற்றியது முந்நூறு, குறைத்தது முந்நூற்று இருபத்தைந்து! பெட்டிக்கு இருபத்தைந்து நட்டம். நாற்பது விற்றதில் ஒரு முழுப் பெட்டியைத் தானம் செய்திருக்கிறோம். முதலில் சிரித்தது அவள்தான். மன்னிப்புக் கேட்டேன். "சரி சரி, டீ வாங்கிக் குடுங்க" என்றாள்.

தள்ளுபடி இல்லாமல் விற்றாலும் ஆயிரத்து முந்நூறில் முந்நூறு என்பது இருபத்துமூன்று சதவீதம்தான். கைக்கு வரும் நூறில் முப்பது நமக்கு நிற்க வேண்டுமானால், கொள்முதல் அந்த நூறில் எழுபதாக இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் ஆயிரத்துக்கு வாங்கியதை ஆயிரத்து நானூற்று முப்பதுக்கு விற்க வேண்டும். புது விலை ஒட்டியாயிற்று. போர்டைக் கழற்றியாயிற்று.

ஜூன் 22
ஐந்துதான் போனது. கழற்றிய போர்டைத் தேடி எடுத்தேன்.

"அஞ்சுலயும் லாபம் அண்ணி. கொஞ்சம் மூச்சு விடுங்க."

ஜூன் 29
மொத்தம் பதினேழு. கடை வாடகை முதன்முறையாக லாபத்திலிருந்தே போயிற்று. அவளுடைய விடுப்பு நாளையோடு முடிகிறது.

ஜூலை 1, திங்கள்
ஒன்பது மணிக்கு ஷட்டரைத் தூக்கப் போனால், ஏற்கெனவே திறந்திருக்கிறது. உள்ளே பசையும் விலைச் சீட்டுமாக உட்கார்ந்திருக்கிறாள்.

"இனிமே விலை நான் போடறேன். நீங்க சிரிச்சுப் பேசி விக்கற வேலையப் பாருங்க."

முதலில் வந்தவர் நூறு குறைக்கச் சொன்னார். சிரித்தேன். குறைக்கவில்லை.