அம்முலு செட்டு தீர்த்துவைத்த கொலை வழக்கு

மானாம்பதி,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் நைனா, மாடு, கன்று எல்லாரும் சுகம். அயர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. போன் எங்கே என் கைக்கு வருகிறது? பம்புசெட்டு அண்டை தனியாக உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குத் துணையாக இருக்கட்டும் என்று தீபாவளிக்கு வந்தபோது ஆடியோ புத்தகங்களை ஏற்றிக் கொடுத்தாயே, அன்றைக்குப் போனது போன். அதனால்தான் உன் சிநேகிதி சாந்தினி அங்கே திரும்பிப் போகிறாள் என்றதும் கடலை உருண்டையோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

உண்மையில் நடந்த குற்றங்களாம், கேட்டுக் கேட்டு உன் நைனாவுக்குப் பார்க்கிறவன் எல்லாம் கொலைகாரன். ரசம் கொஞ்சம் கசந்தால் நான் முதலில் குடித்துக் காட்டணும். பால்காரன் தாமதமாக வந்தால் எங்கே இருந்தாய், சாட்சி யார் என்று விசாரணை. இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டேன், என்னையே சந்தேகப்பட்டால் எனக்கு எப்படியிருக்கும் சொல்லு.

அது கிடக்கட்டும், நடவுக் கூத்தைக் கேள். இந்த நவரைப் பட்டத்துக்கு நாற்று நட ஆளே இல்லை. எல்லாரும் கம்பெனி வேனில் ஏறிப் போய்விடுகிறார்கள். மிச்சம் இருப்பது அம்முலு கூட்டிவருகிற நடவுப் பெண்கள் செட்டு ஒன்றுதான், அவர்களைப் பிடிக்க ஊரே அடித்துக்கொள்கிறது. நம் கழனியில் இறங்கின அன்றைக்கு உன் நைனா ஸ்பீக்கரை வேப்பமரத்தில் மாட்டி, பூட்டின கிடங்குக்குள்ளே செத்துக் கிடந்த அரிசி மில் முதலாளி கதையை ஓட விட்டார். பெண்டாட்டி, மச்சான், கணக்குப்பிள்ளை, டிரைவர் எல்லார் மேலும் சந்தேகம். பெண்கள் சொக்கிப்போனார்கள். மறுநாள் பக்கத்துக் கழனி வரதன் கூலியோடு காலை நாஷ்டாவும் தருகிறேன் என்று கூப்பிட்டாராம். அதற்கு அம்முலு, நாஷ்டா எவனுக்கு வேணும், யாரு கொன்னான்னு தெரியாம நாங்க வேற கழனிக்குப் போறதா இல்ல என்று சொல்லிவிட்டாளாம். வரதன் பாவம், சினிமாப் பாட்டுப் போட்டுப் பார்த்தார், பாச்சா பலிக்கவில்லை.

ஆனால் கதை நெருக்கடிக்கு வந்தால் எல்லாரும் நாற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கிறார்கள். சடலம் கிடைத்தபோது நின்ற இடத்தில் நடாமலே தாண்டிப் போய்விட்டார்கள், வாய்க்கால் ஓரம் ஒரு பாய் அகலத்துக்குச் சொட்டை. உடனே உன் நைனா மூளையைக் கசக்கி, நீ ஏற்றிக் கொடுத்ததில் இருந்த ஒரு பழைய ஓட்டப்பந்தய வீரரின் வாழ்க்கைக் கதையை நடுவில் நுழைத்தார். அவர் ஓட ஓட இவர்கள் கையும் ஓடுகிறது! கடைசிச் சுற்றில் விசில் வேறு. வரிசைதான் பாம்பு மாதிரி வளைந்துகிடக்கிறது. காலையில் கொலை, வெயில் ஏறினால் ஓட்டம் என்று ஆனது நம் நடவு.

இப்படி இருக்கும்போதுதான் எனக்குக் கேடு வந்தது. உன் நைனா கண் அசந்த நேரம் கீரை ஆய்ந்துகொண்டே கடைசி அத்தியாயத்தைக் கேட்டுத் தொலைத்தேன். கீர்த்தி, அந்தக் கொலையைச் செய்தது யார் என்று கடைசிவரை போலீசே கண்டுபிடிக்கவில்லையாம்! தாங்கல் ஏரிப் பக்கத்துக் கழனி நடவு பாக்கி, நாற்று முற்றிக் கணு விட ஆரம்பித்துவிட்டது. இது தெரிந்தால் அம்முலு அப்படியே வரதன் கழனிக்குக் கரை ஏறிவிடுவாள், மிச்ச நாற்றை மாட்டுக்குத்தான் போடணும். வாயைக் கட்டிக்கொண்டேன். உன் நைனாவோ கணக்குப்பிள்ளைதான் என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

கடைசி நாற்று முடியையும் நட்டுவிட்டு, காலைக்கூடக் கழுவாமல் எல்லாரும் வரப்பில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஸ்பீக்கர் முடிவைச் சொன்னது. அம்முலு எழுந்தாள். இன்னாம்மா இது அக்குறும்பு, முதுகு ஒடிய நட்டுக்கினு கேட்டா முடிவே இல்லியா, போலீசு கண்டுபுடிக்கலன்னா இன்னா, நாம கண்டுபுடிப்போம், அந்தக் குடத்தைக் கொண்டா என்றாள். அந்தக் காலத்திலேயே குடவோலை போட்ட உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரிக்குக் குடத்தைக் கண்டால் ஓட்டுப் போடாமல் இருக்க முடியுமா? மச்சானுக்கு வேப்பிலை, கணக்குப்பிள்ளைக்குப் புங்க இலை, பெண்டாட்டிக்கு அருகம்புல், டிரைவருக்குக் கோரை. நான்தான் எண்ணினேன். குடம் முழுக்க வேப்பிலை. புங்க இலை ஒன்றே ஒன்று, அது யார் போட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கள்ள ஓட்டு என்று குதித்தார் உன் நைனா. தோத்தவரு போயி வாய்க்காலை அடைங்க, தண்ணி வீணாப் போவுது என்று அம்முலு விரட்டிவிட்டாள். எல்லாரும் மச்சானைத் திட்டிக்கொண்டே சந்தோஷமாகக் கலைந்தார்கள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன், நீ பக்கத்தில் இல்லையே என்று கொஞ்சம் அழவும் செய்தேன்.

வெந்நீரில் குளி. எண்ணெய் வைக்காமல் திரியாதே. தனியாகப் படுக்கிற பெண், கொலைக் கதை கேட்காதே, ஓட்டக் கதையே கேள். அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், நினைத்ததெல்லாம் கைகூடட்டும்.

முக்கியமாக ஒன்று. களை எடுக்கவும் நம் கழனிக்குத்தான் முதலில் வருவோம் என்று அம்முலு கையடித்துக் கொடுத்திருக்கிறாள், புதுக் கொலை ஒன்று வேணுமாம். கடைசி அத்தியாயத்தை நீ முதலில் கேட்டுவிட்டு ஏற்று. குற்றவாளி பிடிபட்டிருக்கணும். இல்லாவிட்டால் களை எடுக்க நீதான் லீவு போட்டு வரணும்.

உன் அம்மா,
செவ்வந்தி கன்னியப்பன்