ஒன்றுக்கு மூன்று, நான்கில் ஒன்று

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் போனில் ஒரு தப்புச் செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அப்பாவின் இடக்கண் ஆபரேஷனைப் பற்றி டாக்டர் சொன்னது இதுதான்: "ஒருத்தருக்குப் பார்வை வரலைன்னா மூணு பேருக்கு வருதும்மா." நான் உன்னிடம் மூன்றில் ஒருவருக்கு வராதாம் என்றேன். வலக்கண் ஏற்கெனவே போன மனுஷன், இருப்பதையும் பணயம் வைக்கவேண்டாம் என்று நீ அழுதாய். அதைக் கேட்டு அப்பாவும் வேண்டாம் என்று கவிழ்ந்து படுத்துவிட்டார்.

மூன்று நாள் முன்பு விதைப் பரிசோதனைக் கூடத்தில் ஜன்னலெல்லாம் பனி, வெளியே தெருவே இல்லாததுபோல இருந்தது. நூறு விதைகளை முளைக்க வைத்திருந்த ஈரத்தாளைப் பிரித்தேன். முளைத்தது எழுபத்தைந்து, முளைக்காதது இருபத்தைந்து. ஒன்றுக்கு மூன்று. ஆனால் ஏட்டில் எழுதும்போது முளைக்காததை முளைத்த குவியலால் வகுக்கமாட்டோம், இரண்டு குவியலையும் சேர்த்து நூறால்தான் வகுப்போம். முளைக்காத விதையும் கணக்கில் உண்டு. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பார்வை வராத அந்த ஒருவரையும் சேர்த்தால் நான்கு பேர், அப்போது வராதது நான்கில் ஒருவருக்குத்தான். முப்பது வருஷம் விதைக்குச் செய்த கணக்கை வீட்டு மனுஷருக்குச் செய்யத் தெரியவில்லை பார். பஸ் ஓட்டின அப்பாவிடம் சொன்னேன், சிரித்தார். "துணைக்கு இன்னும் ஒருத்தர் ஏறிட்டார்ல, கிளம்பலாம்" என்றார்.

ஆனாலும் மதியம் கண்ணசந்தால் கனவில் நான்கு நாற்காலிகள் வருகின்றன. மூன்று பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள், நான்காமவர் முகம் மட்டும் தெரிவதில்லை. எழுந்ததும் அப்பாவின் சட்டையை மடித்து வைக்கிறேன், வேறு வேலை ஓடவில்லை. எத்தனை சரியாக வகுத்தாலும் அந்த நாற்காலியில் யாரோ ஒருவர் உட்கார்ந்துதான் ஆகவேண்டும், எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வரும் புதன்கிழமை ஆபரேஷன், சனிக்கிழமை காலை கட்டு அவிழ்க்கிறார்கள். லீவு கேட்கக் கூச்சப்படாதே, குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள். நீ எல்லா நலனும் பெற்று நன்றாக இருக்கவேண்டும். கட்டு அவிழ்க்கும்போது அப்பா முன்னால் வந்து நில். பார்வை வந்தால் முதலில் உன்னைப் பார்க்கட்டும், வராவிட்டால் உன் கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அம்மா