ஒரு சாண் அலை

நேற்று நம் ரப்பர் தோட்டத்து முள்கம்பி வேலியைப் பிரித்தார்கள். ஊரடங்கை எடுத்துச் சில மாதங்கள் ஆகின்றன. கம்பியைப் பிரிக்க மட்டும் இத்தனை நாள் யாருக்கும் அவசரமில்லை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்ற முறையில் வேலையைப் பார்வையிட, வீட்டு வரிசைகளில் கடைசி லயம் வரை நடந்தேன். அங்கே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் வீட்டுக் கோழிக்கூண்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல், பலகைச் சட்டத்தின்மேல் தகரம் பதித்த பெரிய கூம்பு. உன்னுடைய கூம்புதான். வாயில் கம்பிவலை அடித்து உள்ளே ஆறு கோழிகளை விட்டிருக்கிறார்கள். துருவும் கோழி எச்சமும் சேர்ந்த வாடையில் குனிந்து தகரத்தைத் தடவினேன். ஈயம் வைத்து அடைத்த ஆணி ஓட்டைகள் விரலில் தட்டுப்பட்டன. தகரம் பொரிந்து உதிர்கிறது, ஈயம் அப்படியே இருக்கிறது. கைவேலை சுட்டுப்போட்டாலும் வராத நான் வாழ்க்கையில் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அது.

உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? நீ இல்லை. இருந்தாலும் வேறு யாருக்கு எழுதுவேன்?

தோட்டத்துப் பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்தவர்கள் நாம். நீ எஞ்சின் கொட்டகையில் பிட்டர் ஆனாய், நான் இங்கிலீஷ் படித்து ஆபீசில் கிராணி ஆனேன். துரை படித்துப் போட்ட பழைய பத்திரிகைகளைக் குப்பைக்கு அனுப்புவது என் வேலை. அதில் ஒன்றை உன்னிடம் கொண்டுவந்ததும் நான்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரி வரியாகப் படித்துத் தமிழில் சொன்னேன். வானமெங்கும் ஹைட்ரஜன் வாயு பரந்து கிடக்கிறது. அது யாரும் கேட்காவிட்டாலும் தன்பாட்டுக்கு ஒரு மெல்லிய ரேடியோ அலையை விட்டுக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டில் யாரோ ஒரு மரக்கூம்பை ஜன்னலுக்கு வெளியே வைத்து அதைக் கேட்டுவிட்டார்கள். அலையின் நீளம் எவ்வளவு என்று கேட்டாய். கணக்குப் போட்டு, ஏறக்குறைய ஒரு சாண் என்றேன். நீ உன் கையை விரித்துப் பார்த்தாய். பிறகு, ஜன்னல் நம்மிடமும் இருக்கிறதே என்று சிரித்தாய்.

அப்போது ஆறு மணிக்குமேல் லயத்தைவிட்டு வெளியே தலைகாட்டினால் சுடுவார்கள். காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்களம், நாம் மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்த இடம், வேலிக்கு அப்பால் போய்விட்டது. உனக்கு அதில்தான் ஆத்திரம். சோற்றை அளந்து கொடுப்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டாய், வானத்தைப் பூட்டியதைப் பொறுக்கவில்லை. இந்த அலைக்கோ பகல் இரவு இல்லை, மேகம் மழை இல்லை. பட்டப்பகலில் கேட்கலாம். அந்த வரியை மட்டும் மூன்று முறை படிக்கச் சொன்னாய்.

உலகச் சண்டைக்குப் பின் ராணுவம் கழித்துப்போட்ட சாமான்களை லுக்குட்டில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிளறிக் கிளறி, ஆறு மாதத்தில் ஒரு பெட்டியைச் செய்து முடித்தாய். அதற்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கூம்பு மட்டும் எனக்குப் புரிந்தது. ரப்பர் பெட்டிப் பலகையில் சட்டம், அதன்மேல் வெட்டி விரித்த பால்மாவு டின்கள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வீட்டிலும் ஆபீஸ் சமையலறையிலும் தீர்ந்துபோன டின்களை நான் கேட்டு வாங்கினேன். கடையில் விற்கும்போதே ஒவ்வொரு டின்னிலும் ஆணியால் குத்திக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். காட்டுக்குள் ஒளிந்து சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போனாலும் உள்ளே இருப்பது நாளாவட்டத்தில் கெட்டுப்போகட்டும் என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமைகளில் எஞ்சின் ஓடாது. கொட்டகைப் பின்புறம் கூம்பை வானத்தைப் பார்த்து அசையாமல் வைத்துவிட்டு, நீ பெட்டியின் முள்ளைப் பார்த்து எண் சொல்வாய், நான் மணியோடு நோட்டில் எழுதுவேன். பல வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு ஞாயிறு மூன்று மணி வாக்கில் முள் ஒரு நூலளவு எழுந்து இறங்கியது. லாரி போயிருக்கும் என்றேன். அடுத்த ஞாயிறு இரண்டரைக்கு எழுந்தது. அதற்கடுத்த ஞாயிறு இரண்டு மணிக்கு. நட்சத்திரங்கள் தினமும் நான்கு நிமிஷம் முந்தி வரும், வாரத்துக்கு அரை மணி முந்துவது வானம் மட்டும்தான், லாரி அல்ல என்று நீ சொன்னாய். நான் பென்சிலைக் கீழே போட்டுவிட்டேன்.

அதோடு நின்றிருக்கலாம். நீ நிற்கிற ஆளா?

"இது நம்ம வீட்டுச் சத்தம்டா கிராணி," என்றாய். "நம்ம நட்சத்திர மண்டலத்து வாயு. இதைத் தாண்டி இன்னும் எத்தனையோ மண்டலம் இருக்கு. நட்சத்திரமே சரியா இல்லாத ஏழை மண்டலமும் இருக்கும்லா. வெளிச்சம் இல்லேன்னா ஆளே இல்லேன்னு அர்த்தமா? அது பேசுறதையும் கேக்கணும்."

அதற்குக் கூம்பு இரண்டு பங்கு பெரிதாக வேண்டும். இன்னும் டின்கள் வேண்டும். டின் சேரச் சேர, அந்த ஆணி ஓட்டைகள் என் கண்ணை உறுத்தின. பேரேட்டில் ஒரு மைப்பொட்டு விழுந்தாலும் பக்கத்தைத் திரும்ப எழுதுகிறவன் நான். அலை ஒழுகிவிடாதா என்று கேட்டேன். ஒரு சாண் அலை ஆணி ஓட்டைக்குள் எப்படியடா போகும், விடு என்றாய். நான் விடவில்லை. தொந்தரவு தாங்காமல் ஈயம் உருக்கிப் பற்றுவைக்கும் கோலைக் கையில் கொடுத்தாய். வெட்டிய தகரத்தில் எல்லாம் அடைத்து முடித்தும் எனக்கு ஆசை அடங்கவில்லை. இன்னும் வெட்டாத நான்கு டின்களின் ஓட்டைகளையும் அடைத்து, உன் கட்டிலுக்கடியில் வரிசையாக அடுக்கினேன். அழகாக இருந்தன.

இரண்டு நாள் கழித்து, பெரட்டு கலைந்த கையோடு போலீஸார் லயத்தைச் சோதனை போட்டார்கள். வெள்ளைக்கார அதிகாரிக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். கூம்பை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைப் பார்த்தார், ரகசிய ரேடியோ என்று முகம் மாறியது. கட்டிலுக்கடியிலிருந்து ஒரு டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரன் குத்திய ஓட்டையை யாரோ கவனமாக அடைத்திருக்கிறார்கள். காட்டுக்கு அனுப்பச் சாப்பாட்டு டின் தயார் செய்கிறவனைத் தவிர வேறு யார் அப்படிச் செய்வார்கள்? பிறகு நோட்டை விரித்தார். பக்கம் பக்கமாக மணியும் எண்ணும். இது யார் கையெழுத்து என்று கேட்கச் சொன்னார்.

நான் கேட்டேன். என் கையெழுத்தை யாருடையது என்று உன்னிடம் கேட்டேன். நீ என்னைப் பார்க்கவேயில்லை.

"என்னோடதுன்னு சொல்லு."

சொன்னேன். பிசகில்லாத இங்கிலீஷில் சொன்னேன். எதற்கு இதெல்லாம் என்று அடுத்துக் கேட்டார். வானத்து வாயுவைக் கேட்க என்றாய். 'அப்படிச் சொல்கிறான்' என்று சேர்த்துச் சொன்னேன். இப்படி ஒன்று உண்டா, நீ படித்தவனாயிற்றே என்று அவர் என்னையே கேட்டார். அந்தப் பத்திரிகை நூறடி தள்ளி, ஆபீசில் என் மேசை இழுப்பறையில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து காட்டியிருந்தால் போதும். எனக்குத் தெரியாது என்றேன்.

அப்போதுதான் நீ திரும்பிப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் இத்தனை வருஷத்தில் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கியிருப்பேன். கோபம் இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்று ஏற்கெனவே தெரிந்தவனுடைய பார்வை. பத்திரிகையை மறுநாள் புகைக்கூடத்து அடுப்பில் போட்டேன். ரப்பர் ஷீட்டோடு அதுவும் புகைந்தது.

தடுப்பு முகாமில் ஒன்றரை வருஷம் வைத்திருந்து உன்னைக் கப்பலேற்றினார்கள். இந்த மண்ணில் பிறந்தவன் என்று காட்ட உன்னிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. நீ பார்த்தேயிராத ஊரை உன் சொந்த ஊர் என்றார்கள். அடுத்து வந்தது நாகப்பட்டினத்துச் சத்திரக்காரர் எழுதிய தபாலட்டை. கப்பலிலேயே கண்ட காய்ச்சல், பதினொரு நாள் கிடந்து போனார், சட்டைப்பையில் இந்த விலாசம் இருந்தது என்று எழுதியிருந்தார். காய்ச்சலில் டின், டின் என்று கேட்டாயாம். கஞ்சி கேட்கிறாய் என்று நினைத்துத் தகரக் குவளையைக் கையில் கொடுத்தார்களாம்.

துரைமார் மாறினாலும் பத்திரிகை வருவது நிற்கவில்லை. தெற்குத் தேசத்தில் நம் பக்கத்து மண்டலங்கள் இரண்டின் ஹைட்ரஜனைக் கேட்டுவிட்டார்களாம். வேலி வருவதற்கு முன் தென்கோடியில் ரப்பர் மரங்களுக்குமேல் வெளிறிய மேகம் போலத் திட்டுத் திட்டாகத் தெரியுமே, அவைதான். இனி அதற்கும் மங்கலானவற்றைத் தேடப் போகிறார்களாம். நீ சொன்னதைத்தான் எழுதியிருக்கிறார்கள். படித்துச் சொல்லப் பக்கத்தில் யாருமில்லாமல் மடித்து வைத்தேன்.

என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு வாக்கியம். நோட்டில் எழுதியவன் நான், ஓட்டையை அடைத்தவன் நான். இங்கிலீஷில் தினமும் சொல்லிப் பார்ப்பேன், இலக்கணப் பிழை இருக்கக்கூடாது என்று. போன மாதம் துணிந்து சிரம்பானுக்குப் பஸ் ஏறி, போலீஸ் ஆபீசில் அந்த அதிகாரியைத் தேடிப் போனேன். அவர் ஊருக்குத் திரும்பி வருஷக்கணக்காகிவிட்டது. மேசையில் இருந்த இளைஞன் அதெல்லாம் முடிந்துபோன பைல் என்று மரியாதையாக எழுந்து நின்று சொன்னான்.

நேற்று கோழிக்கூண்டின் முன் உட்கார்ந்து, குறுகிய முனையில் வாயை வைத்து அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அகன்ற வாயில் நின்ற கோழி ஒன்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மண்ணைக் கிளறப் போயிற்று.