போன வருஷத்து ரிப்போர்ட்

மார்ச் 3
கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. பார்லர் நாற்காலியில் முடிவெட்ட உட்கார்ந்திருந்த அம்மாளின் காதை உரசிக்கொண்டு. காயமில்லை, அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் உயிரே போனது. பெருவிரலோடு சேர்ந்து மூன்று விரலும் மரக்கட்டை. அக்கா, "டீ குடிச்சிட்டு வா" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 6
நானே போய் நரம்பு டெஸ்ட் எடுத்துக்கொண்டேன். மணிக்கட்டில் சுளீர் சுளீரென்று ஷாக். திரையில் கோடு அசையவே இல்லை.
டாக்டர் பழைய ரிப்போர்ட்டைத் திறந்தார். "போன வருஷமே ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்லி எழுதியிருக்கேனே? அப்ப சிக்னல் மெதுவாத்தான் வந்துச்சு, ஆனா வந்துச்சு. அந்த நிலையில பண்ணினவங்க பெரும்பாலும் நல்லா தேறிடுவாங்க."
"இப்ப பண்ணா?"
"வலி போகும். மரத்துப் போறது மெதுவா குறையலாம். பெருவிரல் பலம்... உறுதியா சொல்ல மாட்டேன்."
அந்த ரிப்போர்ட்டை வாங்கி வந்தது அக்கா. அன்று பார்லரில் எனக்குக் கூட்டம். "லேசான அழுத்தம்தான்டி, மணிக்கட்டுல பட்டை கட்டினா போதுமாம்" என்றாள். கட்டினேன். பதினான்கு மாதம்!

மார்ச் 7
அக்காவிடம் கேட்டுவிட்டேன். கூட்டிக்கொண்டிருந்தவள் துடைப்பத்தைக் கீழே வைக்கவில்லை.
"ரெண்டாவது கடை திறக்க மூணு வாரம்தான் இருந்துச்சு. நீ இல்லாம எப்படி? திறந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். அப்புறம்... எப்படிச் சொல்றதுன்னு தெரியல."
தெரியலையாம். தினமும் என் கையைப் பார்த்துக்கிட்டே இருந்தாளே!

மார்ச் 8
எந்த ஃபார்ம் வந்தாலும் படிக்காமல் அவளிடம் நீட்டியவள் நான்தானே?

மார்ச் 19
ஆபரேஷன். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அக்கா வெளியே பெஞ்சில் இருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னார். உள்ளே விட வேண்டாம் என்றேன்.

ஏப்ரல் 11
வலி இல்லை. ஆனால் ஒரு பட்டன் போட முடியவில்லை. சட்டையோடு சண்டை போட்டு அழுதேன், பைத்தியம் மாதிரி.

மே 2
பார்லர் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அக்கா வாங்க மாட்டேன் என்றாள். மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 22
மறுபடி டெஸ்ட். எடுக்கிற பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். "பாருங்க, சின்னதா வந்திருக்கு!" இனி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறலாம் என்றார் டாக்டர். கத்தரிக்கோல் பிடிப்பதைப் பற்றி நான் கேட்கவில்லை.
படி இறங்கும்போதே விரல் அக்கா நம்பரை அழுத்திவிட்டது. ஒரு ரிங்கில் கட் செய்தேன். உடனே கூப்பிட்டாள்.
"கூப்பிட்டியாடி?"
"இல்ல, கை தவறிப் பட்டுடுச்சு."
"இன்னைக்குத்தானே டெஸ்ட்? என்ன சொன்னாங்க?"
"கடையில ஆள் நிப்பாங்க, போய்ப் பாரு." வைத்துவிட்டேன்.
பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் சொன்னேன், என் கை தேறி வருகிறது என்று. யாரோ எவரோ. "ரொம்ப சந்தோஷங்க" என்றார்.